சமையலறை மேசையில் ஓடிய நீராவி இன்ஜின்: ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் கதை



நீராவி இன்ஜின் என்றால் ஜேம்ஸ் வாட், ரயில் என்றால் ஸ்டீபன்சன் என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். உங்கள் பேரப்பிள்ளைகளும் அதையேதான் படிக்கிறார்கள். இந்த இருவருக்கும் நடுவே ஒருவர் இருக்கிறார். தண்டவாளத்தின் மேல் நீராவி இன்ஜினை முதலில் ஓட்டிக் காட்டியவர் அவர். அதைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு காரியமும் செய்தார். பாய்லர் வெடிக்காமல் இருக்க என்னென்ன காவல் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் பெயர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்.

நான் வணிகவியல் படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் நீராவி இன்ஜின்களையும் அவற்றுக்கான சின்னச் செம்புப் பாய்லர்களையும் வீட்டிலேயே செய்து ஓட்டும் பொழுதுபோக்கைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஆசை உண்டு. இங்கிலாந்தில் இதற்கென்றே 1898 முதல் ஒரு பத்திரிகை வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பாய்லரின் ஒவ்வொரு பாகமும் எப்படி வந்தது என்று தேடிப்போனால் பாதிக்கு மேல் ட்ரெவிதிக்கிடம் போய் நிற்கிறது. அதனால்தான் இந்த இதழில் அவர் கதை.

சுரங்க ஊர்ப் பிள்ளை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்று ஒரு மாவட்டம். தகரமும் செம்பும் கிடைக்கும் சுரங்கங்கள் நிறைந்த இடம். அங்கே கேம்போர்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1771 ஏப்ரல் 13 அன்று ட்ரெவிதிக் பிறந்தார். அப்பா சுரங்க மேலாளர். பள்ளிக்கூடத்தில் பையனுக்கு நல்ல பெயர் இல்லை. சொன்னதைக் கேட்கமாட்டான், பிடிவாதக்காரன் என்பது வாத்தியாரின் புகார். ஆனால் கணக்கை வேறு வழியில் போட்டு விடையைச் சரியாகக் கொண்டுவந்துவிடுவான். வளர்ந்ததும் ஆறடி இரண்டு அங்குல உயரம். மல்யுத்தத்தில் பேர் போனவர். கார்ன்வாலின் ராட்சசன் என்றே ஊரார் அவரை அழைத்தார்கள்.

அந்த ஊர்ச் சுரங்கங்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். இறைப்பதற்கு நீராவி இன்ஜின் வேண்டும், இன்ஜினுக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஜேம்ஸ் வாட்டின் இன்ஜின் கரியை மிச்சப்படுத்தியது உண்மைதான். ஆனால் பழைய இன்ஜினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டின் கம்பெனிக்கு ராயல்டியாகக் கட்ட வேண்டும். வாட்டின் காப்புரிமை 1800 வரை நீடித்தது. வருஷா வருஷம் பணம் வெளியே போவதைப் பார்த்துச் சுரங்கக்காரர்கள் வயிறெரிந்தார்கள். ட்ரெவிதிக் தலையெடுத்த காலம் இது.

ஒரு கேள்வி, ஒரு பதில்

வாட்டின் இன்ஜினில் நீராவியின் அழுத்தம் மிகக் குறைவு. நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்க, அந்த வெற்றிடத்தின் பலத்தில் பிஸ்டன் நகரும். அதற்குக் கண்டென்சர் என்ற தனிப் பாத்திரமும், குளிர்ந்த தண்ணீரும், பெரிய இடமும் வேண்டும். இன்ஜின் ஒரு கட்டிடம் அளவுக்கு நிற்கும்.

ட்ரெவிதிக் வேறு மாதிரி யோசித்தார். நீராவியை அதிக அழுத்தத்தில் வைத்து, பிஸ்டனைத் தள்ளவிட்டு, வேலை முடிந்ததும் வெளியே விட்டுவிட்டால் என்ன? கண்டென்சரே வேண்டாமே. அப்படிச் செய்தால் எவ்வளவு பலம் நஷ்டமாகும் என்று கணிதம் தெரிந்த தன் நண்பர் டேவிஸ் கிடியிடம் கேட்டார். நீராவியின் அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும், நஷ்டம் ஒரே ஒரு வளிமண்டல அழுத்தத்தின் அளவுதான் என்று கிடி கணக்குப் போட்டுச் சொன்னார். எங்கள் பாஷையில் சொன்னால் இது நிலையான செலவு. வரவு ஏறிக்கொண்டே போகும், செலவு மட்டும் ஏறாது. அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட லாபம். பிற்காலத்தில் ராயல் சொசைட்டியின் தலைவராகவே ஆன இந்தக் கிடி, ட்ரெவிதிக்குக் கடைசிவரை துணையாக இருந்தார்.

நேராகப் பெரிய இன்ஜின் கட்டப் பணம் ஏது? சின்னதாகச் செய்து பார்த்தார். 1797இல் ஹேல் ஊரின் வார்ப்படச் சாலைக்காரர் மகள் ஜேன் ஹார்வியை மணந்தார். அந்தக் காலத்தில்தான் கேம்போர்ன் வீட்டில் இந்த மாடல்கள் உருவாயின. ஒரு மாடலின் பாய்லர் கெட்டியான இரும்புக் கெண்டி மாதிரி இருந்ததாம். அதை ஓட்டிக் காட்டிய நாளைப் பற்றி ஜேன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சமையலறையில் மேசைமேல் இன்ஜின். கணக்குப் போட்ட கிடி துருத்தி ஊதி நெருப்பை வளர்க்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் டி டன்ஸ்டான்வில் பிரபுவின் மனைவி நீராவிக் குழாயைத் திறக்கிறார். சக்கரம் சுழல்கிறது. அதிக அழுத்த நீராவியில் முதலில் ஓடிய இன்ஜின்களில் ஒன்றை ஓட்டிவைத்தது ஒரு பெண்ணின் கை.

இன்னொரு மாடலில் அடுப்பே கிடையாது. பாய்லருக்குள் வெந்நீரை ஊற்றி, அடியில் உள்ள குழாயில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைச் செருகிவிடுவார். நீராவி எழும்பி வண்டி ஓடும். இன்றைக்குச் சின்னப் பாய்லர் செய்கிறவர்கள் நடுவே ஒரு செம்புக் குழாயைக் கொடுத்து அதற்குள் நெருப்பு விடுகிறார்கள் அல்லவா, அதே தத்துவம்தான். நெருப்பு தண்ணீருக்கு வெளியே எரிந்தால் பாதிச் சூடு காற்றோடு போகும். தண்ணீருக்கு நடுவே எரிந்தால் எல்லாப் பக்கமும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

சின்னதில் ஒரு சாதகம், ஒரு பாதகம்

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு பாய்லரின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால், உள்ளே கொள்ளும் தண்ணீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். வெளிப்பரப்போ நாலில் ஒரு பங்குதான் ஆகும். ஆகவே சின்னப் பாய்லர், தன்னிடம் உள்ள தண்ணீருக்குப் பொருந்தாத அளவு சூட்டை இழக்கும். அதனால்தான் மாடல் செய்கிறவர்கள் மேலே மரப்பட்டையோ கம்பளியோ சுற்றிவைக்கிறார்கள். இது பாதகம்.

சாதகம் என்ன? உருளையின் சுவரில் வரும் இழுவிசை, அதன் விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் குறைந்தால், அதே கனமுள்ள தகடு அதிக அழுத்தத்தைத் தாங்கும். வாட்டின் காலத்துப் பெரிய பாய்லர்கள் வண்டிக்கூடு மாதிரி, அடியில் தட்டையாக இருந்தன. தட்டையான தகட்டை அழுத்தம் எளிதில் புடைக்கவைத்துவிடும். ட்ரெவிதிக் பாய்லரை உருளையாக, குறுகலாக, கெட்டியாக வார்த்தார். அதில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம் வைக்க முடிந்தது. நம் பிரஷர் குக்கரில் உள்ளது சுமார் 15 பவுண்டு என்பதை நினைத்துக்கொண்டால் உங்களுக்கு அளவு புரியும். அதிக அழுத்தம் ஆபத்து என்று வாட் கடைசிவரை எதிர்த்தார்.

ஓடியது, எரிந்தது

1801ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், கேம்போர்ன் தெருவில் ட்ரெவிதிக்கின் நீராவி வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது. சில நாள் கழித்து வண்டி வழியில் பழுதாகி நின்றது. அதை ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு எல்லோரும் விடுதிக்கு வாத்துக்கறி சாப்பிடப் போய்விட்டார்கள். நெருப்பை அணைக்கவில்லை. தண்ணீர் வற்றியது, இரும்பு பழுத்தது, வண்டியும் கொட்டகையும் எரிந்துபோயின. யாருக்கும் காயமில்லை என்பதால் அது ஊர்க்கதையாக முடிந்தது.

1802இல் காப்புரிமை வாங்கினார். 1803 செப்டம்பரில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் அவருடைய இறைப்பு இன்ஜின் ஒன்று வெடித்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்குமீன் பிடிக்கப் போயிருந்தான். கூலியாள் ஒருவர் இன்ஜினை நிறுத்தினார். ஆனால் சேஃப்டி வால்வு திறக்காதபடி அழுத்திவைத்திருந்ததை எடுத்துவிடவில்லை. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 4 பேர் இறந்தார்கள். ட்ரெவிதிக்குக்கு வேண்டாதவர்கள் இதையே சாட்சியாக்கி, அதிக அழுத்த நீராவியையே தடைசெய்ய வேண்டும் என்று கிளம்பினார்கள்.

பழியைப் பையன் மேல் போட்டுவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஆள் கவனிக்காவிட்டாலும் பாய்லர் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். நான்கு காவல்களை ஏற்படுத்தினார்.

ஒன்று, ஒரு சேஃப்டி வால்வுக்கு இரண்டு. அதில் ஒன்றை இன்ஜின்காரர் தொடவே முடியாது.

இரண்டு, உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று கண்ணால் பார்க்கப் பாதரச மானி.

மூன்று, ஈயத் தக்கை. தண்ணீர் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற மட்டத்தில் பாய்லரில் ஓர் ஓட்டை போட்டு ஈயத்தால் அடைத்துவைத்தார். தண்ணீர் மூடியிருக்கும்வரை ஈயம் உருகாது. தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி அந்த வழியே வெளியேறிவிடும்.

நான்கு, தண்ணீர்ச் சோதனை. பாய்லரில் நெருப்பு வைப்பதற்கு முன்பே குளிர்ந்த தண்ணீரை நிரப்பிப் பம்பால் அழுத்திப் பார்ப்பது.

அந்த நாலாவது காவலைத்தான் இன்று சின்னப் பாய்லர் செய்கிற ஒவ்வொருவரும் முதல் விதியாகக் கொள்கிறார்கள். செம்புக் குழாயை வெட்டி, இரு முனைத் தகடுகளையும் ஓரம் மடக்கித் தட்டி, வெள்ளி கலந்த பற்றால் ஊதிப் பற்றவைப்பார்கள். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் ஈயப் பற்று உதவாது. தண்ணீர் கொஞ்சம் வற்றினாலே அது இளகிவிடும். எல்லாம் முடிந்ததும் உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஏற்றி, சற்று நேரம் வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏன்? அழுத்தினால் தண்ணீர் சுருங்காது. பற்று விட்டால் ஒரு சொட்டு கசியும், முள் இறங்கும், அவ்வளவுதான். அதே இடம் நீராவியில் விட்டிருந்தால்? ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காவல் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குக்கர் மூடியில் விசில் வெயிட்டுக்குப் பக்கத்தில் காசு அளவில் ஒரு சேஃப்டி பிளக் இருக்குமே, பல குக்கர்களில் அதன் நடுவே இருப்பது சீக்கிரம் உருகும் உலோகம். தண்ணீர் வற்றியோ துவாரம் அடைத்தோ சூடு மீறினால் அது உருகி நீராவியை வெளியே விடும். ட்ரெவிதிக்கின் ஈயத் தக்கைக்கு அது பேரன் முறை. அது போய்விட்டால் அதே குக்கருக்கு உரிய பிளக்கையே வாங்கிப் போடுங்கள். கிடைத்த திருகையோ வேறு எதையோ வைத்து அடைத்துச் சமாளிக்க வேண்டாம். கிரீனிச்சில் நடந்தது இதேதான்: திறக்க வேண்டிய வழி திறக்கவில்லை.

16 கிலோமீட்டர்

அடுத்த வருஷமே தன் பாய்லரைச் சக்கரத்தின் மேல் ஏற்றித் தண்டவாளத்தில் விட்டார். 1804 பிப்ரவரி 21 அன்று தெற்கு வேல்ஸில் பென்-இ-டாரன் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்பையும் 5 பெட்டிகளில் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு இன்ஜின் கிளம்பியது. சுமார் 16 கிலோமீட்டர் தூரம், 4 மணி 5 நிமிஷம். ஆலை முதலாளி ஹோம்ஃப்ரே இதற்காக 500 கினி பந்தயம் கட்டியிருந்தார். உலகத்தில் தண்டவாளத்தில் நீராவியால் சரக்கு போனதாகப் பதிவான முதல் பயணம் இது. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டால் நெருப்பு சீறி எரியும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். ரயில் இன்ஜினின் குப்குப் ஓசை அதனால் வந்ததுதான்.

இன்ஜின் ஜெயித்தது, தண்டவாளம் தோற்றது. வார்ப்பிரும்புத் தண்டவாளம் பாரம் தாங்காமல் உடைந்துகொண்டே இருந்தது. 1808இல் லண்டனில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மக்களை ஏற்றி ஓட்டினார். அங்கேயும் தண்டவாளம் உடைந்தது. அதோடு ரயிலை விட்டுவிட்டார். தேம்ஸ் நதிக்கு அடியில் 1,000 அடிக்கு மேல் சுரங்கம் குடைந்தார். நதி உள்ளே புகுந்து அதுவும் நின்றது.

பற்று, வரவு

வாழ்நாள் முழுக்கப் பற்று வரவு பார்த்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. பாய்லருக்கு இரட்டை வால்வு வைத்த மனிதர், தன் பணத்துக்கு ஒரு வால்வும் வைக்கவில்லை. ஒரு வேலை முடிந்து காசு வரும் நேரத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுவார். 1811இல் கூட்டாளியோடு சேர்ந்து திவாலானார். ஆனாலும் 1814க்குள் கடனில் பெரும்பகுதியைக் கட்டித் தீர்த்தார் என்பதை வங்கிக்காரன் என்ற முறையில் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். அந்தக் கஷ்டத்துக்கு நடுவே, 1812இல், நடுவில் ஒற்றை நெருப்புக் குழாயோடு படுத்திருக்கும் கார்னிஷ் பாய்லரைக் கொடுத்தார். சமையலறை மாடலின் பெரிய வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

அதே நேரத்தில் ஒரு சின்ன மாடல் அவர் தலையெழுத்தை மாற்றியது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் செரோ டி பாஸ்கோ என்ற வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது. உவில்லே என்பவர் இன்ஜின் தேடி 1811இல் இங்கிலாந்து வந்தார். வாட் கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். அதை நம்பி ஓடும் இன்ஜின் அங்கே சோர்ந்துவிடும். மலைப்பாதையில் அந்தப் பாரத்தைக் கொண்டுபோகவும் முடியாது. ஊர் திரும்ப இருந்த உவில்லே, லண்டனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் ட்ரெவிதிக்கின் மாடல் இன்ஜின் ஒன்றைப் பார்த்தார். 20 கினி கொடுத்து வாங்கி, கப்பலேற்றி, மலை மேலே கொண்டுபோய் நெருப்பு மூட்டினார். மாடல் ஓடியது! காற்றை நம்பாமல் தன் நீராவியையே நம்பும் பாய்லர் அல்லவா அது. உவில்லே திரும்பி வந்து ட்ரெவிதிக்கைக் கண்டுபிடித்தார். 1814இல் 9 இன்ஜின்கள் கப்பலேறின. 1816இல் ட்ரெவிதிக்கும் போனார்.

போனவர் திரும்பி வர 11 ஆண்டுகள் ஆயின. பெருவில் விடுதலைப் போர் மூண்டு சுரங்க வேலை சிதைந்தது. கோஸ்டா ரிகா காடுகளில் அலைந்தார். கடைசியில் கார்ட்டஜீனா துறைமுகத்தில் கையில் காசில்லாமல் நின்றபோது, தற்செயலாக அங்கே வந்த ராபர்ட் ஸ்டீபன்சன், அதாவது ரயில் ஸ்டீபன்சனின் மகன், 50 பவுண்டு கொடுத்து ஊருக்குப் போக உதவினார்.

இந்தப் 11 ஆண்டுகளும் ஜேன் என்ன செய்தார்? வாழ்க்கைக் கதைகளில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆறு பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். பிறந்த வீட்டார் துணையோடு ஹேலில் விடுதி நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். 1827இல் கணவர் இறங்கியபோது உடுத்த துணி, ஒரு தங்கக் கடிகாரம், இரண்டு காம்பஸ், ஒரு ஜோடி வெள்ளிக் குதிமுள் தவிர வேறு சொத்து இல்லை. நாட்டுக்குத் தான் செய்ததைச் சொல்லிப் பார்லிமென்டில் உதவி கேட்டார். கிடைக்கவில்லை.

1833 ஏப்ரல் 22 அன்று, லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டில், ஒரு விடுதி அறையில் இறந்தார். வயது 62. அப்போது அங்கே ஜான் ஹால் என்பவரின் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் செய்யப் பணமில்லை. பட்டறைத் தொழிலாளர்கள் வசூல் செய்து, தாங்களே சுமந்துபோய்ப் புதைத்தார்கள். கல்லறையில் பெயர்கூட இல்லை.

மகன் ஃப்ரான்சிஸ் ரயில் இன்ஜினியராகி, அப்பாவின் வரலாற்றை 1872இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். சமையலறை மேசைக் கதை நமக்குத் தெரிவது அதனால்தான். 1932இல் கேம்போர்ன் நூலகத்தின் முன் சிலை வைத்தார்கள். சிலையின் கையில் ஒரு சின்ன மாடல் இன்ஜின் இருக்கிறது.

நம் குடியிருப்பில் பலருக்குப் பிள்ளைகள் லண்டனில் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது சயின்ஸ் மியூசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ட்ரெவிதிக்கின் 1790களின் மாடல் அவர்களிடம்தான் உள்ளது. பேரப்பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு பாய்லர் செய்யலாமா தாத்தா என்று கேட்டால், மறுக்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு வைப்பதற்கு முன் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள்.